இமை மேல் ஊதா

"இமையில இருக்கிற அந்த ஊதாவை முதல்ல துடைச்சிடுங்க. எத்தனையோ தடவை திட்டிட்டேன், கேட்டதே இல்ல. நாலு பேர் பார்க்க வர்ற நேரம்," என்றாள் அம்மா.

மேக்கப் போட வந்தவள் பஞ்சில் எண்ணெய் தொட்டு, மகளின் இமைகளை அழுத்தித் துடைத்தாள். பஞ்சு வெள்ளையாகவே வந்தது.

"இது பூசினது இல்லம்மா. கையைத் தூக்கச் சிரமப்படுவாங்களா?"

"சிரமமா? சோம்பேறித்தனம். தலைகூட நான்தான் வாரிவிடணும். உட்கார்ந்தா எழுப்பிவிட ஒரு ஆள் வேணும்."

சொல்லக் கூடாது என்று நினைத்தும் மேக்கப்காரிக்கு வாய் நிற்கவில்லை. "எங்க அக்காவுக்கும் இப்படித்தான்மா இருந்துச்சு. நம்ம எதிர்ப்புச் சக்தியே நம்ம தசையைத் தாக்குற நோயாம். ரத்தம் பார்த்து, தசையில துணுக்கு எடுத்துப் பார்த்துக் கண்டுபிடிச்சாங்க. விட்டா தொண்டைக்கும் வந்துடும், சாப்பிடும்போது புரையேறும்னு டாக்டர் சொன்னார். மாத்திரையில தேறிட்டா. இப்ப மாடி ஏறி வேலைக்குப் போறா."

"புரையேறித்தான்..." என்று ஆரம்பித்த அம்மா முடிக்கவில்லை.

அமரர் ஊர்தியின் டிரைவர் வாசலில் எட்டிப் பார்த்தார்.

"பெட்டியை மூடிடலாங்களா?"