நடுக்கதவு

“நடுக்கதவுல தாழ்ப்பாள் அவங்க பக்கம் போட்டிருக்கு. கவனிச்சியா?” என்றாள் மேட்ரன்.

நெட்டை காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். ஆற்றுவதற்கு அதில் சூடே இல்லை.

ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் மேட்ரனின் பேச்சில் பதவி போகவில்லை. நெட்டை அவளோடு நர்ஸிங் படித்தவள். ஹாஸ்டலில் ஒரே அறை. கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுமாசமே சம்பளமில்லாத சேவை என்று கண்காணாத தேசத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

அன்றிலிருந்து போனில் ஒரே புராணம். தையற்காரி வீட்டில் குடியிருக்கிறேன். பாதி வீடு எனக்கு, பாதி அவங்களுக்கு. நடுவில் ஒரு கதவு, அதைச் சாத்தினதே கிடையாது. தெருவே எனக்குச் சொந்தக்காரங்க மாதிரி.

கடைசியில் தவறாமல் ஒரு வரி வரும். “நீ மட்டும் வா. கதவைச் சாத்திட்டு நாலு நாள் பேசணும்டி!”

மேட்ரன் வந்தேவிட்டாள்.

பேசினார்கள். வார்டனுக்குப் பயந்து போர்வைக்குள் கிசுகிசுத்ததையெல்லாம் மறுபடி பேசினார்கள். இருந்த ஒரே நல்ல புடவையை முறை வைத்துக் கட்டிக்கொண்டது. பரீட்சை பயத்தில் நெட்டை எலும்புக்கூட்டுக்குக் ‘குட்மார்னிங் சார்’ சொன்னது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

சிரிப்பு அடங்கினால் வீடு கப்சிப்.

ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை. முதல் நாள் தையற்காரி வந்து மேட்ரனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள், ஓடிப் போனாள். அதோடு சரி. வேளாவேளைக்கு வாசற்படியில் ஒரு பாத்திரம் மட்டும் வந்து உட்காரும்.

“அம்மை வார்டுக்குச் சாப்பாடு வைக்கிற மாதிரியில்ல வைக்கிறா?”

“அவளுக்குத் தையல் வேலை அதிகம்டி.”

“எங்க அதிகம்? வந்த நாளா மிஷின் சத்தமே இல்லையே!”

நெட்டையின் முகம் சுருங்கியது. அவளும் கவனித்துத்தான் இருந்தாள். தெருவில் எதிர்ப்பட்டவர்கள்கூடத் தலையை ஆட்டிவிட்டு ஒதுங்கிப் போனார்கள்.

“நான் என்னடி தப்பு பண்ணேன்?”

“நீ ஒண்ணும் பண்ணல. ஓசியில உழைக்கிறவளுக்கு எந்த ஊர்லயும் மரியாதை இவ்வளவுதான். பேசாம என்னோட வந்துடு. அவர் போனப்புறம் மூணு ரூம்ல நான் ஒருத்தி முழிச்சிட்டுக் கிடக்கேன். வழுக்கி விழுந்தா தூக்கிவிட ஆள் வேணும். உனக்கும்தான், எனக்கும்தான்.”

நாலாம் நாள் காலை நெட்டை எழுதிவிட்டாள். சேவையிலிருந்து விடுவிக்கும்படி இரண்டே வரி. கையெழுத்து கோணிக்கொண்டு போனது. விமான நிலையத்துக்குப் போகிற வழியில்தான் அலுவலகம். “நானே கொடுத்துடறேன்” என்று மேட்ரன் வாங்கிக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

வழியனுப்ப ஒரு ஈ, காக்கா இல்லை. டாக்சி கிளம்பும்போது தையற்காரியின் ஜன்னல் திரை மட்டும் விலகியது. உடனே மூடிக்கொண்டது.

“நன்றி கெட்ட ஜென்மங்க!”

இரண்டு தெரு தாண்டியதும்தான் மேட்ரனுக்கு மூக்குக்கண்ணாடியை மறந்தது ஞாபகம் வந்தது. டாக்சியைத் திருப்பச் சொன்னாள்.

வாசலிலேயே மிஷின் சத்தம் கேட்டது.

உள்ளே கால் வைக்க இடமில்லை. நடுக்கதவு சுவரோடு சுவராகத் திறந்து கிடந்தது. தையற்காரியின் பிள்ளைகள் மூன்றும் நெட்டையின் கட்டிலில். எதிர்வீட்டுத் தச்சர் புண்பட்ட காலை அவள் மடியில் நீட்டியிருந்தார். நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நெட்டை, அழுகையும் சிரிப்புமாக.

மேட்ரனைக் கண்டதும் மிஷின் நின்றது. தச்சர் காலை இழுத்துக்கொண்டார். தையற்காரி ஓடி வந்து பிள்ளைகளை அந்தப் பக்கம் விரட்டிவிட்டுக் கதவைப் பிடித்தாள்.

“என்னடி நடக்குது இங்க?”

“எல்லாம் என் வாயால வந்தது. ‘என் சிநேகிதி வந்தா கதவைச் சாத்திட்டு நாலு நாள் பேசணும்’னு இவங்ககிட்டயும் மூணு வருஷமா சொல்லிட்டிருந்தேன். சாத்திட்டாங்கடி! யாரும் குறுக்க போகக் கூடாது, மிஷின் ஓட்டக் கூடாதுன்னு தெரு முழுக்க இவதான் சொல்லி வச்சிருக்கா. தினம் நான் கட்டு மாத்திவிடற மனுஷர், நாலு நாளா நொண்டிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார்.”

மேட்ரன் கைப்பையின் ஜிப்பை இழுத்தாள். கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தையற்காரி அவள் முகத்தையே பார்த்தாள். பிடித்த கதவை விடாமல் தயங்கித் தயங்கி என்னவோ கேட்டாள்.

“என்ன கேக்கறா?”

“‘பாவம், இன்னும் பேசி முடியல போலிருக்கு. வேணும்னா இன்னும் ரெண்டு நாள் சாத்தி வைக்கட்டுமா?’ன்னு கேக்கறா.”