தெருமுனை வரை

டாஷ்போர்டில் விளக்கு அணைந்தது.

கணவன் கைபேசியை மடியில் போட்டுவிட்டு, காரின் கண்ணாடியில் மீசையைப் பார்த்துக்கொண்டான். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகியிருந்த சின்னக் கருவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டான்.

அவள் வாசலில் நின்றிருந்தாள். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைக்கும்போதெல்லாம் அவன் முகம் லேசாக வீங்கிக்கொள்ளும். இப்போதும் வீங்கியிருந்தது.

இன்ஜினில் கோளாறு என்று அந்த மஞ்சள் விளக்கு மாதக்கணக்கில் எரிந்தது. ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்றான். மாற்றினான். எரிந்தது. மறுபடி மாற்றினான். எரிந்தது.

சென்சார் சரியாகத்தான் இருக்கிறது, இன்ஜினை ஒட்டிய புகைக்குழாயில் விரிசல், வெளிக்காற்று உள்ளே போகிறது, அதைத்தான் அது சொல்கிறது என்றார் மெக்கானிக்.

அவளும் அதை முன்பே சொல்லியிருந்தாள். படித்த கெமிஸ்ட்ரியை ரசத்தில் காட்டச் சொன்னான்.

உண்மை சொன்னதற்காக இரண்டு சென்சார்கள் குப்பைக்குப் போயின.

குழாயை மாற்றச் செலவாகும். விளக்கை அழிக்க அந்தக் கருவியும் கைபேசியில் ஒரு விரலும் போதும்.

அவள் தம்பி லோகு வந்தான். மில் வேலையை விட்டாயிற்று. மனைவியின் நகை அடகில். இந்தக் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டப்போகிறான். மாமாவின் வண்டி என்பதால் மெக்கானிக் யாரையும் கூட்டிவந்து காட்டவில்லை.

"தெருமுன வரைக்கும் ஓட்டிப் பாரு மாப்ள. பூ மாதிரி போவும்."

தெருமுனை வரைதான். அழித்த விளக்கு உடனே எரியாது. வண்டி நன்றாக ஓடி, ஆறி, மறுபடியும் ஓட வேண்டும். மெக்கானிக் இதைச் சொன்னபோது அவளும் பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் காது உண்டு என்று கணவனுக்குத் தோன்றியிராது.

லோகு சாவியை வாங்கினான்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"லோகு, ஏற்காடு போலாம்டா. மேல போயி, வண்டி ஆறுற வரைக்கும் ஒக்காந்துட்டு வரலாம்."

கல்யாணமானதிலிருந்து அக்கா எங்கேயும் போகக் கேட்டதில்லை. லோகு சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான். அவள் முன்னால் ஏறிக்கொண்டாள்.

கணவன் பெட்ரோல் இல்லை என்றான். மழை வரும் என்றான். பிறகு, தானும் வருவதாகச் சொல்லிச் சட்டைப் பையைத் தடவியபடி பின்கதவைத் திறந்தான்.

"எடம் இல்லீங்க," என்றாள், திரும்பாமல்.

பின்னிருக்கை காலியாக இருந்தது.