கூரையில்லாத கேலரி

கொட்டும் மழையில் ஃபுட்பால் மேட்ச் பார்த்துவிட்டு வந்த கணவன் தலை முதல் கால்வரை சேறாக வாசலில் நின்றான். கூரையில்லாத கேலரியில் எம்பி எம்பிக் கத்தி, சறுக்கி விழுந்திருக்கிறான். டீமின் வெள்ளைச் சட்டையைத்தான் அவனும் போட்டுப் போயிருந்தான். இப்போது அதை வெள்ளை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

“மூணு கோல் வாங்கிட்டானுங்க. ஒருத்தனாவது ஓடணுமே! இனிமே அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. “சேத்துல நீங்க ஓடிப் பாருங்க, தெரியும். உசிரக் கொடுத்து ஆடுறவங்களப் பத்தி இந்த வீட்டுல ஒரு வார்த்தை பேசக்கூடாது!”

சீசன் முழுக்கத் தெருவே கேலி செய்தபோதும் அவள் இப்படித்தான் வரிந்துகட்டிக்கொண்டு நின்றாள்.

“சட்டையக் கழட்டுங்க. நாளைக்கு வேலை செய்யற இடத்துல மெஷின்ல போட்டுக்கறேன்.”

மறுநாள் கிளப்பின் சலவை அறைக்கு வேலைக்குப் போனதும், மேட்ச் முடிந்து வந்திருந்த டீமின் அழுக்கு மூட்டையைப் பிரித்தாள். கோல்கீப்பரின் சட்டை மட்டும் சேற்றில் ஊறிக் கிடந்தது. மற்ற பத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடையிலிருந்து வாங்கி வந்த மாதிரி பளிச்சென்று இருந்தன.

மாலையில் கிளப் மேனேஜர் எட்டிப் பார்த்தார். “என்னம்மா, பிளேயர்ஸ் சட்டையெல்லாம் ரெடியா?”

“கோல்கீப்பர் சட்டையத் துவைச்சுட்டேன். மத்ததுல துவைக்க என்ன சார் இருக்கு?”

தன் பையிலிருந்த சேற்றுச் சட்டையை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

“இது யாரோடது?”

“நேத்து மழையில கடைசிவரைக்கும் நின்னவரோடது. அடுத்த மேட்ச்சுக்கு கேப்டனை இதைப் போட்டுக்கிட்டு இறங்கச் சொல்லுங்க!”