ஏழு கியர் சைக்கிள்

"இன்னா காமராஜண்ணே, அறுபத்தஞ்சு வயசுல கியர் கேக்குதா? அவலூர்பேட்டை பஸ்ஸ முந்தப் போறீங்களா?" என்றார் மெக்கானிக் அமீர் ஜான்.

"நாளைக்குக் காலையில வண்டி ஓடணும் பாய். இல்லன்னா எம் பொண்டாட்டி மூஞ்சில முழிக்க முடியாது."

நாற்பது வருஷத்துப் பழைய சைக்கிள். புது வீலுக்குப் பின்பக்கம் இடம் போதவில்லை.

"பழைய இரும்புண்ணே, சொன்னா கேக்கும்."

பின்பக்கக் குழாய்களை மெல்ல விரித்து, ஏழு பல்சக்கர வீலை உட்காரவைத்தார் அமீர் ஜான்.

"ஏழாவது கியர்ல மிதிங்க, செஞ்சிக்கோட்டையே பின்னால ஓடிவரும்!"

மறுநாள் விடிந்ததும் அந்த வேகத்தைப் பார்க்க டீக்கடையில் கூட்டம் கூடிவிட்டது.

சர்க்கரைக்கு டாக்டர் சொன்ன நடையை நடந்தபடி மனைவி மீனம்பாள் வந்தார். பக்கத்திலேயே, முட்டிவலியால் நடக்க முடியாத காமராஜ், முதல் கியரில் ஆடாமல் அசையாமல் மிதித்து வந்தார்.

"யோவ், நேத்து மாதிரி என்னை விட்டுட்டு முன்னால போனீன்னா, திரும்பி வீட்டுக்கே போயிடுவேன்."

"எங்கடி போறது? இதுக்கு மேல மெதுவா போவ கியரே இல்ல."

பின்னால் ஓர் எருமை வந்தது. காமராஜ் ஓரமாக ஒதுங்கி அதற்கு வழிவிட்டார்.