தோட்டத்துக்கு ஒரு கொப்பி

கண்ணாடி மேசை அதிரும்படி வீடியோக் கெசட்டை வைத்தான் அழகர்.

"என்ன படம் இது, நானா? கறிச்சட்டி கழுவின தண்ணி மாதிரி இருக்கு!"

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே வீடியோக் கடை வைத்திருக்கும், ஊரே அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் ஷுக்ரி, கெசட்டை எடுத்துப் பார்த்தார். அவர் கடைக் கெசட்தான்.

"பழைய காட்டூன் படம்தானே தம்பி. கெசட்டுல இருந்து கொப்பி எடுத்தா கொஞ்சம் மங்கத்தான் செய்யும்."

"மங்கினாப் பரவாயில்ல. நடுவுல படமே இல்லையே!"

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அழகர் இளைஞர் மன்றத் தலைவன். பசறையில் டீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்குப் பிடித்து, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்துக்கு முன்னால் படம் காட்டப்போவதாக தொழிலாளர் குடியிருக்கும் வீட்டு வரிசைகளில் லயம் லயமாகச் சொல்லி வைத்தவன் அவன்தான். இங்கிலீசுப் படம். பேச்சு யாருக்கும் புரியாது. கண்ணால் பார்ப்பதுதான் கதை.

"அரக்கன் மலைமேல ஏறி நிக்கிறான். காலை ஓங்குறான். அவ்வளவுதான், 'உஸ்'ஸுன்னு ஒரு சத்தம், டீவி பூராவும் சாம்பல். திரும்பப் படம் வர்றப்போ அரக்கனைக் காணோம், சனங்க ஆடிக்கிட்டிருக்காங்க. 'அண்ணே, அரக்கன் எங்கண்ணே?'ன்னு அத்தனை பிள்ளைங்களும் என்னைப் பிடிச்சு உலுக்குதுங்க. நான் என்னத்தச் சொல்ல? பஸ் ஏறி பண்டாரவளைக்குப் போயிட்டான்னா?"

ஷுக்ரி சிரிக்கவில்லை.

"டெக்கைத் துடைச்சுப் பாத்தீங்களா?"

"துடைச்சாச்சு, ஊதியாச்சு, தலையில ரெண்டு தட்டும் தட்டியாச்சு. இன்னைக்குப் பொழுது சாய மறுபடியும் போடுறதா வாக்குக் குடுத்திருக்கேன் நானா. இன்னைக்கும் சொதப்பினா என் பேச்சை ஒருத்தனும் மதிக்க மாட்டான். நல்ல கொப்பியா ஒண்ணு குடுங்க."

"அது ஒண்ணுதான் ஈக்கு தம்பி. வேற படம் தாரேன். சண்டைப் படம் ஒண்ணு..."

"பிள்ளைங்களுக்குக் காட்டூன்தான் வேணும். அன்னைக்கே சொன்னேனே!"

அப்போது கடைக்குள் நுழைந்தாள் பக்கத்துத் தெரு ஸைனப். கையில் ஒரு கெசட்.

"ஷுக்ரி நானா, இந்தாங்க அரக்கன் படம். கலரெல்லாம் நேத்துக் கீறிப் பூசின மாதிரி ஈக்கு! எங்க வீட்டுப் புள்ளைகள் ரெண்டு தரம் பாத்துட்டாங்க."

வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மேசையில் இப்போது இரண்டு கெசட்கள். இரண்டிலும் ஒரே படத்தின் பெயர். ஷுக்ரி புதிதாக வந்ததை மெல்ல மேசை லாச்சிக்குள் தள்ளப் பார்த்தார்.

அழகரின் கை முந்திக்கொண்டது.

"ஒண்ணுதான் இருக்குன்னீங்க?"

ஷுக்ரி திறந்த லாச்சியைச் சாத்தினார்.

"புரிஞ்சு போச்சு நானா. நாங்க கிள்ளுற கொழுந்துல நல்ல தூளெல்லாம் கப்பல் ஏறுது. கூட்டி அள்ளின தூசி எங்க லயத்துக்கு வருது. படத்துலயும் அதே கணக்குத்தானா? டவுன் வீட்டுக்குக் கலரு, தோட்டத்துக்குச் சாம்பலு!"

கடையில் படம் தேடிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் 'த்ச்சு' கொட்டினார்.

"அப்படி இல்ல தம்பி..."

"அப்ப இதைக் குடுங்க. நான் கொண்டுபோறேன்."

"அது வேணாம்."

"ஏன் வேணாம்? தோட்டத்தான் கை பட்டா அழுக்காயிருமா?"

ஷுக்ரியின் முகம் சிவந்தது.

"சரி, இங்கயே போடுங்க. எங்களுக்குச் சாம்பல் வந்த இடம் இதுல எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போறேன்."

ஷுக்ரி ஒரு பெருமூச்சு விட்டார். நின்றிருந்த இருவரையும், "கொஞ்சம் வெளியில நில்லுங்க" என்று அனுப்பிக் கதவைச் சாத்தினார். கெசட்டை டெக்கில் போட்டு, அந்த இடம் வரைக்கும் ஓட்டினார். பிறகு டீவிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

என்ன தெளிவு! அரக்கனின் மீசை முடியைக்கூட எண்ணலாம். பச்சைப் பசேலென்று மலை. அடியில் வரிசையாக ஒட்டி ஒட்டிச் சின்னச் சின்ன வீடுகள்.

"பாத்தீங்களா!" என்றான் அழகர், வழக்கில் வென்றவனைப்போல.

அரக்கன் ஓங்கி மிதித்தான். மலை பிளந்தது. மண்ணும் பாறையும் மரமுமாகச் சரிந்து வந்து அந்த வீட்டு வரிசையை அப்படியே மூடியது. ஒரு சின்னப் பெண் வெறுங்கையால் மண்ணைத் தோண்டினாள்.

அழகர் பாய்ந்து டெக்கை நிறுத்தினான்.

போன மார்கழி மழையில், அவர்கள் தோட்டத்துக் கீழ் லயத்தின்மேல் மலை இறங்கிய விடியற்காலை, அவனும் அப்படித்தான் தோண்டினான். அந்த லயத்தில் மிஞ்சிய பிள்ளைகள்தான் நேற்று முன்வரிசையில் குந்தியிருந்தார்கள்.

"படம் கேட்டு வந்த அன்னைக்குத் தோட்டத்துப் பேரைச் சொன்னீங்களே தம்பி," என்றார் ஷுக்ரி, இன்னும் திரும்பாமலே. "புள்ளைகள் படம் எண்டு எங்கிட்ட இது ஒண்ணுதான் ஈந்துச்சு. அதான் உங்களுக்கெண்டு தனியா ஒரு கொப்பி எடுத்தேன். இந்த இடம் வரக்குள்ள ரெண்டு டெக்குக்கும் நடுவுல உள்ள வயரைக் கழட்டிட்டேன்."

அழகர் டெக்கிலிருந்த நல்ல கெசட்டை எடுத்து ஷுக்ரியிடமே நீட்டினான். பிறகு, மங்கல் கெசட்டை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

"இன்னைக்கும் இதையே போடுறேன் நானா. நடுவுல நானே ஒரு கதை விட்டுக்கிறேன்."

கதவைத் திறந்தான். வெளியே நின்ற இருவரும் அவனையே பார்த்தார்கள். தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்:

"கெசட்டுல ஒரு குறையும் இல்லீங்க. நான்தான் சரியாப் பாக்கல!"