ஏலக்காய்ப் புகை

மின்சிகரெட்டின் குப்பியைத் திறந்து, கருகிய பஞ்சை ஊசியால் எடுத்துவிட்டுப் புதுப்பஞ்சைத் தளர்வாக வைத்தார் திரவியம். இறுக்கினால் மணம் செத்துவிடும். பஞ்சில் ஊறிப் புகையாகும் திரவத்தில் ஏலக்காய் எசன்ஸைக் கொஞ்சம் கூட்டினார்.

போன வாரம் அந்தப் புகை ஜன்னல் வழியே மேலே போனபோது, மாடிவீட்டு வசுமதி எட்டிப் பார்த்து, "என்ன சார், பாயசமா?" என்றாள். இந்த வீட்டுக்கு வந்தபின் அவரிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி. "ஆமாங்க" என்று சொல்லிவிட்டார்.

இன்று புகை கெட்டியாக எழுந்தது. வெளியே ஊதிவிட்டு, அவள் குரலுக்காகக் காத்திருந்தார். கதவு தட்டப்பட்டது. வசுமதி கிண்ணத்தோடு நின்றாள்.

"வாசனை மட்டும்தான் அனுப்புவீங்களா சார்? ஒரு கரண்டி கெடையாதா?"

கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

"உக்காருங்க. இன்னும் கொதிக்கலை."

பால்கூட இல்லாத சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தார்.