பெரியவர்கள் வந்த வியாழக்கிழமை

குடியிருப்பின் பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தலை குனிந்து கன்டெய்னருக்குள் நுழைந்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கு வாயே வலித்துப்போயிருந்தது.

சரக்கு ஏற்றும் பழைய இரும்புக் கன்டெய்னர்தான் எங்கள் மையம். கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கின் ஓரத்தில், குப்பைமேட்டை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் மனசு சரியில்லை என்றால் போய் நிற்க வேறு இடம் கிடையாது. வியாழன் தோறும் பெண்கள் வருவார்கள். டீ குடிப்பார்கள், பேசுவார்கள், அழுவார்கள். தூக்கம் வர, படபடப்பு அடங்க, எனக்குத் தெரிந்த மூச்சுப் பயிற்சியைச் சொல்லித்தருவேன். நான் நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். இங்கே காசு வாங்குவதில்லை.

ஆனால் நிலம் குடியிருப்புக்குச் சொந்தம், முடிவு பெரியவர்கள் கையில். அவர்களுக்குத் தலைவரான மாம்பெத் பெரியவருக்கு எங்களைக் கண்டாலே இளக்காரம்.

"மூச்சு விடச் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியாரம்மாவா? எங்க வீட்டு ஆடு அதைத் தானாவே பண்ணுதே" என்று தெருவில் நிறுத்திக் கேட்டவர்.

இந்த வாரத்துக்குள் பெரியவர்கள் வந்து பார்த்து, மையம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் கன்டெய்னரைத் தூக்கிவிடுவார்கள். அதனால்தான் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ரஷ்யாவில், சமாராவில் கட்டட வேலை பார்க்கும் என் கணவர் தலாயிடம் இன்றைக்குப் போனில் பெருமையடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் பெண்களும் ஜமாய்த்திருந்தார்கள். உல்கான் அக்கா விடிந்ததும் விடியாததுமாக வீட்டுக்கே வந்து என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மற்றவர்கள் போர்சோக் பலகாரத்துக்கு மாவைப் பொரித்துத் தட்டு தட்டாகக் குவித்திருந்தார்கள். என்னை டீ ஊற்றக்கூட விடவில்லை. மெத்தையின் நடுவில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள்.

"என்ன, நான்தான் கல்யாணப் பொண்ணா?" என்றேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. பெரியவர்களைப் பார்த்த பயம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் துர்சுனாய் வந்தாள். எப்போதும்போலத் தாமதம்.

துர்சுனாயின் ஒரே மகன் மாஸ்கோவில் இருக்கிறான். அவன் போனதிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை. இங்கே வர ஆரம்பித்த பிறகுதான், சமீபத்தில், ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கினாள். அதை ஏதோ திருட்டு நகையைக் காட்டுவதுபோல என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னாள்.

வரிசையாக உட்கார்ந்திருந்த வெள்ளைத் தாடிகளைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த கிண்ணம் கீழே விழுந்தது.

எங்கள் வழக்கத்தில் சாவுச் செய்தியைப் போனில் சொல்லமாட்டார்கள். ஆள் எந்த ஊரில் செத்தாலும் வீட்டுக்காரர்களிடம் மூச்சுவிட மாட்டார்கள். பெரியவர்கள் ஒன்றுகூடி, சேர்ந்து வந்து உட்கார்ந்து, நேரில்தான் சொல்வார்கள். வெளிநாட்டில் பிள்ளையை வைத்திருப்பவளுக்கு அந்தத் தாடிகளைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்? இது எனக்கு முன்பே உறைக்காமல் போய்விட்டது.

"என் பையனா? சொல்லித் தொலைங்களேன், என் பையனா?"

"இல்ல துர்சுனாய். இவங்களை நான்தான் கூப்பிட்டேன். நம்ம கூட்டத்தைப் பார்க்க வந்திருக்காங்க. வேற ஒண்ணும் இல்ல."

எழுந்து அவளிடம் போகப் பார்த்தேன். உல்கான் அக்கா என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"உன் மகன் நல்லா இருக்கான்மா" என்றார் மாம்பெத் பெரியவர். அவர் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

அவள் நம்பவில்லை. வாசலுக்கு ஓடினாள். சாவு விழுந்த வீட்டு முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுப்புவார்கள். கன்டெய்னர் மேட்டில் இருப்பதால் வாசலில் நின்றால் எல்லார் வீட்டு முற்றமும் தெரியும்.

அவள் முற்றத்தில் காயப்போட்ட துணிகள்தான் ஆடிக்கொண்டிருந்தன. கதவில் சாய்ந்து, அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"பார்த்தியா? நான் சொன்னேன்ல?"

அவள் தலை மெதுவாகக் கீழ்த்தெருப் பக்கம் திரும்பியிருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள். பிறகு மற்ற பெண்களைப் பார்த்தாள்.

"அடிப்பாவிங்களா, என்கிட்ட மட்டும் சொல்லலையே" என்றாள்.

அவளிடம் ஒன்றைச் சொன்னால் அவள் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள் என்று புரிந்தது. எதைச் சொல்லவில்லை என்று மட்டும் புரியவில்லை.

நான் எழுந்தேன். இந்த முறை யாரும் தடுக்கவில்லை. கூடவே எழுந்து, ஆளுக்கொரு பக்கமாக என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

கீழ்த்தெருவில் ஆண்கள் கூடாரத்தின் மரச்சட்டங்களை விரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கிளம்பும்போது அங்கே ஒன்றும் இல்லை. யார் வீட்டு முற்றம் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், பக்கத்து வீடாக இருக்கக்கூடாதா என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் நினைத்தேன்.

மாம்பெத் பெரியவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"வீட்ல வெச்சுச் சொல்றதுதான் வழக்கம், மகளே. இங்கதான் சொல்லணும்னு இந்தப் பொம்பளைங்க ஒத்தக்கால்ல நின்னாங்க. இந்த இடத்தை இனிமே யாரும் தொடமாட்டாங்க."

பிறகு அவர் என் கணவரின் பெயரைச் சொன்னார்.